களத்து மேட்டில் கட்டிய வீடு

வில்லியனூரில் எங்கள் பாத்திரக் கடையின் மாடியில்தான் கல்யாணமான நாளிலிருந்து குடியிருந்தோம். பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வெளியூர் போனதும், சுத்துக்கேணியில் இருக்கும் எங்கள் நிலத்தில் வீடு கட்டலாம் என்று நான்தான் பேச்செடுத்தேன்.

என் கணவர் தலையைச் சொறிந்தார். "கட்டலாம்தான். ஆனா அந்த நெலத்த திட்டத்துல சேத்துட்டேனே."

மழைக்கு மழை மேல்மண் கரைந்து ஏரிக்குப் போகிறதென்று, நிலத்தை மண் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்திருந்தார். திட்டக்காரர்கள் வரப்பை உயர்த்தி, நெடுக வேம்பும் புங்கனும் நட்டுக் கொடுத்தார்கள். பதிலுக்கு, பத்து வருடத்துக்கு அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது. மரம் நட்டது எனக்குத் தெரியும், இவர் இப்படிக் கையெழுத்துப் போட்டது தெரியாது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரையும் இழுத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அலுவலர் இளம்பெண். வரைபடத்தை விரித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, நெல்லு காயவைக்கிற களத்த உங்க வூட்டு பாய் திட்டத்துல சேக்கவே இல்ல. அதுல தாராளமா கட்டிக்கலாம்."

"இன்னா, நெசமாவா?" என்றார் இவர், யாரோ சேர்க்காமல் விட்டதுபோல.

களம் நீளமாக, ஒடுக்கமாக இருந்தது. மேஸ்திரி காலால் அளந்து பார்த்தார். "இதுல வூடு வராதும்மா, ரயில் பொட்டிதான் வரும். ஒன்னு பின்னால ஒன்னா மூணு ரூம்."

"அப்ப சமையல்கட்ட முன்னால வையுங்க," என்றேன். வயலைப் பார்த்துக்கொண்டே சமைக்க வேண்டும் எனக்கு.

"வர்றவங்க அடுப்பத் தாண்டியா உள்ள வருவாங்க?" என்றார் இவர்.

"வரட்டும். டீ சூடா கெடைக்கும்."

வரப்பில் லாரி ஏறக் கூடாதென்பதால் செங்கல்லும் மணலும் ரோட்டோரம் இறங்கி, அங்கிருந்து தலைச்சுமையாக வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் சுமந்தோம். தளம் போட்ட பிறகு அலுவலர் டேப்போடு வந்தார். வாசற்படி களத்தைத் தாண்டி ஒரு அடி வெளியே நீண்டிருந்தது. மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே அதை இடித்துப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டினார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குள் சுவரை ஒட்டித்தான் ஏற வேண்டும்.

குடிபுகுந்த அன்று சொந்தக்காரர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வரிசையாக வந்தார்கள். பிரியாணி தேக்சாவை மூங்கிலில் கட்டி இவரும் மேஸ்திரியும் தோளில் தூக்கி வந்தார்கள். பின்னாலிருந்து அலுவலர், "செடிய மிதிச்சிடாதீங்க, பாத்து!" என்று கத்திக்கொண்டே வந்தார். பாத்தியா ஓதி முடிந்ததும் அவருக்குத்தான் முதல் தட்டு வைத்தேன். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இது எங்களுக்கு இங்கே இரண்டாவது மழைக்காலம். வரப்பு உடையவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் வயலில் தண்ணீர் நிற்கிறது, கொக்குகள் இறங்கியிருக்கின்றன. ரோட்டில் நிறுத்திய வண்டியை எடுக்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் வரப்பில் நடந்து போகிறார்.