கரவன் இழுக்க ஒரு சிக்கனக் கார்

அக்காவின் பழைய காருக்குப் பின்னால் ஒரு இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கரவன் இழுப்பதற்கென்று பூட்டிய டோ பார். அதன் நுனிக் குமிழில், கீறிச் செருகிய டெனிஸ் பந்து ஒன்று மூடியாக இருக்கும். செருகியவர் அத்தான், அக்காவின் கணவர். மழைக்குத் துருப்பிடிக்காதாம். லண்டன் மோர்டனில் அவர்கள் வீட்டு வாசலில் அந்தக் காரைச் சுற்றிப் போகும்போதெல்லாம் என் முழங்கால் அதில்தான் போய் இடிக்கும். ஒவ்வொரு தடவையும் அத்தானைத் திட்டுவேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று லண்டன் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. போருக்குள் அகப்பட்டு வன்னியில் இருந்த சித்தியிடமிருந்து தொலைபேசி வருவது நின்றுபோயிருந்தது. எங்களை வளர்த்தவர் அவர்தான். அக்கா வேலைக்குப் போவதை விட்டாள், பிறகு கோயிலுக்குப் போவதை விட்டாள். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒருநாள் தேநீரைக் கையில் வைத்தபடி, கேளாமலே, "கடலைப் பாக்கவேணும் போலை கிடக்கு" என்றாள். அவ்வளவுதான். அத்தானுக்கு அது போதும்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கூட்டிப்போயிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கடல். அத்தானிடம் அப்படித்தான் சொன்னேன். "உங்கடை அக்கா வெளியிலை தண்ணி குடிப்பாவோ? பிறத்தியாற்றை கட்டிலிலை படுப்பாவோ?" என்று கேட்டார். அதுவும் உண்மைதான். வீட்டை விட்டு அவள் வரமாட்டாள் என்றால் வீட்டையே கூட்டிப்போவது என்று முடிவெடுத்தார். தெருக்கோடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விற்கப் போட்டிருந்த கரவனை வாங்கினார். அடுப்பும் கட்டிலும் உள்ளே வைத்த, சக்கரம் பூட்டிய பெட்டி வீடு. நாலு பேர் சேர்ந்து தள்ளிவந்து வாசலில் நிறுத்தினோம். அதற்குப் பிறகுதான் அதை இழுக்கக் கார் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. அவரிடம் இருந்தது அக்காவின் சாமான் பைகளுக்கே முனகுகிற ஒரு சின்னக் கார்.

புதிதாக ஒன்று பார்த்து வாங்க எவ்வளவு நாள் ஆகும்? அத்தானுக்கு ஒரு கோடைகாலம் முழுக்க ஆனது. அவர் பெற்றோல் நிலையத்தில் காசு வாங்கும் மேசையில் இருந்தவர். "நாள் முழுக்கச் சனம் எண்ணெய்க்கு அழுறதைப் பாக்கிறன் தம்பி, எனக்குத் தெரியாதோ?" என்பார். அவருக்கு எண்ணெய் குடிக்காத காரும் வேண்டும், அது கரவனையும் இழுக்க வேண்டும். யானையைப் போலப் பலமும் குருவியைப் போலச் சாப்பாடும். மனோர் பார்க்கில் முருகன் கோயில் தேருக்குப் போனால், தேரை விட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நிற்பார். "கலனுக்கு எத்தனை மைல் குடுக்குது?" அர்ச்சனைத் தட்டோடு வந்த மனிதர்களை மறித்து மறித்துக் கேட்பார். மலேசியாக்காரர் ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னார், பாவம். அத்தான் ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் அந்த மைலைக் கிலோமீற்றராக்கி, கலனை லீற்றராக்கி, மனதுக்குள் பெருக்கிப் பிரித்து, கடைசியில் "சரிவராது" என்றார். மனிதர் கோபித்துக்கொண்டு போனார்.

நான் எத்தனை கார் காட்டினேன். பலமான டீசல் காரைக் காட்டினால், அது எண்ணெய் குடிக்கும். சிக்கனமானதைக் காட்டினால், அது கரவனை இழுக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் காட்டினால், நிறம் அக்காவுக்குப் பிடிக்காது. அக்கா ஜன்னலடிக்குக்கூட வந்து நிறம் பார்த்ததே இல்லை! ஜூன் போய், ஜூலையும் போனது. பகல் குறையத் தொடங்கியது. அக்கா அதே கதிரையில். "அத்தான், கடல் வத்திப்போகட்டும் எண்டு இருக்கிறியளோ?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "ஆறுதலாச் செய்யவேணும் தம்பி. இடைவழியிலை நிண்டால் பிறகு அவ வீட்டை விட்டு வெளியிலை வரவே மாட்டா" என்றார். சொன்னது நியாயம்தான். எரிச்சல் மட்டும் போகவில்லை.

ஆகஸ்டு கடைசியில் ஒரு வழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். டீசல் தான், ஆனால் சின்ன எஞ்சின். சவுத்தாலில் டோ பார் பூட்டிய நம்மவர், "அண்ணை, வெறும் கரவனை இது இழுக்கும். சாமான் கனக்க ஏத்துவியளோ?" என்று கேட்டார். "என்ன சாமான், ரெண்டு பேற்றை உடுப்புத்தானே" என்றார் அத்தான். அக்காவைக் கட்டி இருபது வருடம் ஆன மனிதர் சொன்ன பதில் இது.

புறப்படும் காலையில் அத்தான் டயரின் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரவனுக்குள் யார் என்ன ஏற்றுகிறார்கள் என்று பார்க்கவில்லை. வீட்டுத் தொலைபேசிக்கு வரும் அழைப்பு அக்காவின் கைப்பேசிக்கு வரும்படி நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். கரவனோடு பின்னுக்கு எடுக்கும்போது இறங்கி நின்று கை காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றினார்கள். பக்கத்து ஊரான சட்டனைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. கார் முதலில் முனகியது, பிறகு தீய்ந்த மணம் வந்தது, பிறகு தெருவோர ஒதுக்கிடம் ஒன்றில் உருண்டு நின்றது. வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கலாம்.

கரவன் கதவைத் திறந்தேன். ஒரு முழு மூட்டை அரிசி. மாவரைக்கும் கிரைண்டர். இடியப்ப உரல், புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, தேங்காய், பெரிய பெரிய தண்ணீர்ப் போத்தல்கள். அடுக்கடுக்காகச் சாப்பாட்டுக் கோப்பைகள், புதுப் படுக்கை விரிப்புகள்.

"இது ரெண்டு பேருக்கோ அக்கா?"

"ஆரும் வந்தால் என்ன செய்யிறது?"

எங்கள் வீடுகளில் இரண்டு பேருக்கென்று யாரும் உலை வைப்பதில்லை. ஆனால் வன்னியிலிருந்து யார் வருவார் என்று அவள் கோப்பை எடுத்து வைத்தாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. அத்தான் கரவன் படியில் குந்திவிட்டார். அந்தக் கோடை முழுவதும் தேடி எடுத்த காரைப் பார்த்தபடி, "நான் பிழை விட்டிட்டன்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இனி அவள் வீட்டுக்குத் திரும்பச் சொல்வாள், கதிரையில் போய் இருப்பாள் என்று நானும் நினைத்தேன்.

அக்கா அவரையும் காரையும் மாறிமாறிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, எழும்புங்கோ. கார் ஆறினதும் இந்தக் கரவனைக் கழட்டி விட்டிட்டுக் கடலைப் பாத்திட்டு வருவம். தம்பி காவல் இருப்பான்" என்றாள்.

இருந்தேன். மாலை வரை, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், லொறிகள் போகும்போது கரவன் ஆட ஆட, அக்கா கட்டிவந்த புட்டைத் தின்றுகொண்டு. திரும்பி வந்தபோது அக்காவின் சேலைக் கரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. "தண்ணி சரியான குளிர் தம்பி" என்று கேளாமலே சொன்னாள். மிச்சப் புட்டை வாங்கி நின்றபடியே சாப்பிட்டாள். அத்தான் கண்ணாடியை இறக்கி, "கரவன் இல்லாட்டி நல்ல மைலேஜ் குடுக்குது" என்றார். அடிக்கலாம் போல இருந்தது.

கரவனை அடுத்த வசந்தத்தில் விற்றார்கள். சித்தியின் அழைப்பு கடைசிவரை வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காரில் அவர்கள் போகாத கடற்கரை இல்லை.

போன மாதம் அக்காவோடு புதுக் கார் பார்க்கப் போனேன். பழைய டீசலை இனி லண்டனுக்குள் ஓட்டக் காசு கட்ட வேண்டும். விற்பனைப் பையன் மின்சாரக் கார் ஒன்றைக் காட்டி ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மைல் போகும் என்று விளக்கினான். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு டோ பார் பூட்டலாமோ எண்டு கேள்" என்றாள்.

"என்னத்தை இழுக்க அக்கா?"

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே அத்தான் கீறிச் செருகிய அந்த வெளுத்த டெனிஸ் பந்து இருந்தது. நான் பையனிடம் திரும்பி, டோ பார் பூட்டித் தரச் சொன்னேன்.