ஆலோசனைக்கு: மோகனா

தனக்கு யார்மீதும் பொறாமை கிடையாது என்று மோகனா அடிக்கடி சொல்வாள். யாரும் கேட்காதபோதும் சொல்வாள். ஆனால் லோகேஸ்வரி அறைக்குள் நுழைந்தால் மோகனாவின் கை தானாகப் போய் தலைமுடியைச் சரிசெய்யும். சரிசெய்த பிறகு, எதற்காகச் செய்தோம் என்று அவளுக்கே எரிச்சல் வரும்.

இருவரும் ஜார்ஜ் டவுனில், பர்மா ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த டயாலிசிஸ் நிலையத்தில் தாதியர். பழைய கடைவீட்டின் கீழ்த்தளம் அது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, நாற்காலியில் சாய்ந்து, நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். நிலையத்தை ஆரம்பித்த டாக்டரோடு முதல் நாளிலிருந்து இருந்தவள் மோகனா. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவரின் மகள். கல்யாணமாகி, ஒரு மகனைப் பெற்று, அவனைப் படிக்க வைத்து கோலாலம்பூருக்கு அனுப்பியதெல்லாம் இந்த வேலையின் நடுவில்தான். தாதியை "மிஸி" என்று கூப்பிடும் நோயாளிகள் அவளை "பெரிய மிஸி" என்றார்கள். அந்தப் "பெரிய" என்ற சொல்லின் மேல் அவள் ஒரு வீடே கட்டியிருந்தாள்.

லோகேஸ்வரி பின்னால் வந்தவள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைக் கடந்து தீவுக்கு வருவாள். ஊசி குத்தக் கற்றுக்கொடுத்தது மோகனாதான். கற்றுக்கொண்டவள் சிரித்துக்கொண்டே குத்தினாள். வலிக்கவில்லை என்று நோயாளிகள் சொன்னார்கள். காமாரியா என்ற மலாய்க்கார அம்மா வாரத்துக்கு ஒரு முறை வீட்டில் செய்த கூய் பலகாரம் கொண்டுவருவார். முன்பெல்லாம் டப்பாவின் மூடியைத் திறந்ததும் முதல் துண்டு மோகனாவுக்கு. இப்போது அவர், "லோகேஸ் எங்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறார். ஒரு துண்டு கூய்க்காக மனம் இப்படிக் கசக்குமா? மோகனாவுக்குக் கசந்தது. ஒரு நாள் இரவு உணவின்போது கணவர் தனேஷ், தொழிற்சாலை நண்பர் ஒருவரின் அம்மாவைப் பார்க்க நிலையத்துக்கு வந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டே, "அந்தப் பொண்ணு நல்லா பேசுது லா, என்னா பொறுமை" என்றார். மோகனா சோற்றுப் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

டாக்டர் ஓய்வுபெற்றார். நிலையத்தை ஒரு நிறுவனம் வாங்கியது. டத்தோ கெராமாட் பக்கம் புதுக் கட்டடத்தில் இடம் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட வேண்டும், திங்கட்கிழமை காலை முதல் நோயாளி புது இடத்தில் உட்கார வேண்டும் என்று முடிவானது. இடமாற்றத்தை நடத்த நிறுவனம் ராம்நாத் என்பவரை அனுப்பியது. செட்டியார் குடும்பத்துப் பிள்ளை, கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், நிதானமாகப் பேசுபவர்.

அவர் எல்லோரையும் உட்கார வைத்து, வெள்ளைப் பலகையில் நான்கு கட்டங்கள் போட்டார். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார்.

"ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைய நினைச்சுக்கோங்க. குழம்பு வைக்கிறவர் ஒருத்தர், அவர் செய்யறவர். குழம்பு கெட்டுப்போச்சுன்னா கஸ்டமர் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவாரு? முதலாளிய. அவருதான் பதில் சொல்ல வேண்டியவர். உப்பு போதுமான்னு ஒருத்தர்கிட்ட கேப்பாங்க, அவர் ஆலோசனைக்கு. இன்னைக்கு மீன் குழம்பு இல்லன்னு பரிமாறுறவங்களுக்குச் சொல்லணும், அவங்க தகவலுக்கு. நம்ம வேலை எல்லாத்தையும் இந்த நாலுல பிரிக்கிறோம். செய்யறவங்க பல பேர் இருக்கலாம். பதில் சொல்றவர் ஒரு வேலைக்கு ஒருத்தர்தான். ரெண்டு பேர் இருந்தா யாருமே இல்லன்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். மோகனாவும் சிரித்தாள். பதில் சொல்ல வேண்டியவர் என்ற கட்டத்தில் தன் பெயர்தான் வரும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ராம்நாத் எழுதத் தொடங்கினார். இயந்திரங்களும் தண்ணீர்க் குழாய்களும் டெக்னீஷியன் சதாம் பொறுப்பில். மருந்தும் பொருட்களும் தாதி நூர் ஃபாத்திஹா பொறுப்பில். நோயாளிகள் தொடர்பான அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்: லோகேஸ்வரி. அதற்குப் பக்கத்தில், ஆலோசனைக்கு: மோகனா.

மார்க்கரின் கிறீச் சத்தம் நின்ற பிறகும் மோகனாவின் காதில் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

கூட்டம் முடிந்ததும் ராம்நாத் அவளிடம் தனியாக வந்தார். "அக்கா, உங்க அனுபவம் எல்லாத்துக்கும் வேணும். அதான் எல்லா வரியிலயும் உங்க பேரு இருக்கு."

"பரவால்ல தம்பி. உப்பு போதுமான்னு கேட்டா சொல்றேன்" என்றாள் மோகனா. அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தபடி போனார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மோகனாவுக்கு நரகம். லோகேஸ்வரி காதில் போனோடு நடந்தாள். லோகேஸ்வரி புது இடத்தைப் பார்க்கப் போனாள். எந்த நாற்காலி எந்த ஜன்னலோரம் என்று முடிவு செய்தாள். நோயாளிகள் புது இடத்தைப் பற்றி அவளிடமே கேட்டார்கள். மோகனா பக்கத்தில் நின்றிருந்தாலும் அவளைத் தாண்டிக் கேட்டார்கள். வீட்டில் மோகனா ராம்நாத் அனுப்பிய அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். லோகேஸ்வரி எங்கே சறுக்குவாள் என்று தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு நாள் கிடைத்தது.

"நோயாளிகளுக்குப் புது முகவரி தெரிவித்தல்" என்றொரு வரி. பதில் சொல்ல வேண்டியவர் லோகேஸ்வரி. அவள் நிரப்ப வேண்டிய 'செய்பவர்' கட்டத்தில் ஆள் பெயர் இல்லை. "கிளினிக்" என்று மட்டும் இருந்தது. கிளினிக் எப்படிப் போய்ச் சொல்லும்? நோயாளிகளின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும், கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டுவார்கள், அவ்வளவுதான் என்று மோகனாவுக்குப் புரிந்தது. வயதான நோயாளி சுப்பையாவிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு எழுத்தும் தெரியாது, கண்ணும் சரியில்லை. ரைபிள் ரேஞ்ச் பிளாட்டிலிருந்து அதிகாலை பஸ்ஸில் தனியாக வருபவர். அவர் மகளுக்குப் பத்து காவான் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட்.

மோகனா அதைப் பார்த்தாள். ராம்நாத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவில்லை. 'ஆலோசனைக்குத்தானே நான்? கேட்டால் சொல்கிறேன்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஏதோ இதமாக இறங்கியது. வெயிலில் நடந்து வந்தவளுக்கு ஐஸ் தண்ணீர் கிடைத்தது போல.

அப்படி அவள் சாக்குச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லாமல் போனது. வெள்ளிக்கிழமை, கை கழுவும் இடத்தில், லோகேஸ்வரி கேட்டேவிட்டாள்.

"அக்கா, எல்லாருக்கும் மெசேஜ் போட்டாச்சு. யாராச்சும் விட்டுப்போயிருக்குமா? உங்களுக்குத் தோணுதா?"

மோகனா சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் லோகேஸ்வரியின் முகம் தெரிந்தது. தூக்கமில்லாத முகம், அப்போதும் அழகாகத்தான் இருந்தது.

"நீதானம்மா எல்லாத்தையும் பார்க்கிற. உனக்குத் தெரியாததா?" என்றாள் மோகனா.

"இல்லக்கா, சும்மா கேட்டேன்" என்று லோகேஸ்வரி போய்விட்டாள். அன்று மதியம்தான் சுப்பையா டயாலிசிஸ் முடிந்து, தடுமாறி எழுந்து, "வர்றேன் பெரிய மிஸி" என்று சொல்லிவிட்டுப் போனார். மோகனா கையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை புது இடம் பளபளத்தது. காமாரியா ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, "கடலே தெரியும் போல" என்றார். கடல் தெரியவில்லை, எதிர்க் கட்டடம்தான் தெரிந்தது. ஆனாலும் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். ராம்நாத் லோகேஸ்வரிக்குக் கை கொடுத்தார். ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"சுப்பையா அங்கிள் லேட் போல" என்றாள் நூர் ஃபாத்திஹா.

லோகேஸ்வரி அவர் எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகளுக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. மோகனா காலி நாற்காலியையே பார்த்தாள். இந்தக் கணத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். லோகேஸ்வரி முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. ஆனால் மோகனாவின் மனக்கண்ணில் லோகேஸ்வரி இல்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சனி, ஞாயிறு என்று உடம்பில் தண்ணீர் தேங்கிக் கால் வீங்கிய ஒரு மனிதர்தான் தெரிந்தார்.

அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். எங்கே போகிறாய் என்று யாரோ கேட்டது காதில் விழவில்லை.

பழைய நிலையத்தின் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. அதற்கு முன்னால், கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில், சுப்பையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சிலும் ஒரு கரகரப்பு. அவர் தலைக்கு மேலேயே கதவில் புது முகவரி ஒட்டியிருந்தது. மடியில் போன் ஒலித்து ஓய்ந்தது. எடுக்க அவருக்குக் கை எழவில்லை.

"பெரிய மிஸி, இன்னைக்கு லீவா?" என்றார்.

மோகனா அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து மறுபுறம் பிடித்தார். காரில் முன்னிருக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தபடியே ஓட்டினாள். "தூங்காதீங்க ஐயா, பேசிக்கிட்டே வாங்க, ஏதாச்சும் பேசுங்க" என்று கெஞ்சினாள். அவர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். புது நிலையத்தில் ஆக்சிஜன் வைத்து, டாக்டர் பார்த்து, உடனே இயந்திரத்தில் போட்டார்கள். மதியத்துக்குள் மூச்சு சீரானது. குடிக்க மைலோ கேட்டார். கொஞ்சம்தான் கொடுத்தார்கள்.

மகள் வந்து கத்தினாள். கத்தாமல் என்ன செய்வாள்? லோகேஸ்வரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டாள். "மன்னிச்சிருங்கக்கா. என் தப்பு" என்று மகளிடம் சொன்னாள். பிறகு ராம்நாத் கூட்டம் போட்டு என்ன நடந்தது என்று கேட்டபோதும் அவள் யாரையும் பார்க்கவில்லை.

"செய்யறவர்னு ஒரு ஆள் பேரு போட்டிருக்கணும். நான் போடல. இதுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

வேறொன்றும் சொல்லவில்லை. கை கழுவும் இடத்தில் கேட்டதைப் பற்றி மூச்சே விடவில்லை. மோகனா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி விழுந்து கிடப்பதைப் பார்க்க ஆசைப்பட்டாள். அவளோ நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். தன்னால் ஒரு நாளும் அப்படி நிற்க முடியாது என்று தெரிந்தபோது, இதற்கு முன் பட்ட பொறாமை எல்லாம் விளையாட்டு என்று ஆகிவிட்டது மோகனாவுக்கு. இந்தப் பெண்ணுக்கு அவமானம் வந்தால்கூட அது அவளுக்கு அழகாக அமைகிறதே!

மாலையில் கார் நிறுத்துமிடத்தில் லோகேஸ்வரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மோகனா அருகில் போனாள்.

"சுப்பையாவுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "முன்னாடியே தெரியும். நீ கேட்டப்பவும் தெரியும்."

லோகேஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "ஏன்க்கா?"

"நீ மாட்டிக்கணும்னுதான்."

லோகேஸ்வரியின் கண் கலங்கியது. அது அழுகை இல்லை, கோபம். "என்னைத் திட்டியிருக்கலாம்ல? ராம்நாத்கிட்ட போய் அந்த வேலை எனக்கு வேணும்னு சொல்லியிருக்கலாம்ல? விட்டுக் கொடுத்திருப்பேனே. அந்தக் கிழவர் செத்திருந்தா?" என்றாள். மோகனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இப்ப எதுவும் பேசாதீங்க. எனக்கு உங்க மூஞ்சியப் பார்க்கவே பிடிக்கல." மோட்டார் கிளம்பிப் போனது.

மறுநாள் மோகனா ராம்நாத்திடம் தானாகப் போய்ச் சொன்னாள். அவர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் தனேஷிடமும் சொன்னாள். அவர் அவளைத் திட்டவில்லை. அன்று அதிகம் சாப்பிடவும் இல்லை. சுப்பையாவின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டபோது அவருக்கு விஷயமே சரியாகப் பிடிபடவில்லை. "நீங்கதானே வந்து தூக்கிட்டுப் போனீங்க மிஸி" என்றார். மோகனாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

லோகேஸ்வரி பல மாதங்கள் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். அந்த வருடக் கடைசியில் நிறுவனம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கிளை திறக்க முடிவு செய்தது. பாலம் தாண்டி வந்துகொண்டிருந்த நோயாளிகள் இனி ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம். தலைமைத் தாதி லோகேஸ்வரி. கட்டங்களை இந்த முறை அவளே போட்டாள். நோயாளிகளுக்குத் தெரிவித்தல், செய்பவர் என்ற இடத்தில் மோகனா என்று எழுதியிருந்தாள்.

மோகனா தனியாகப் போய்க் கேட்டாள். "என்னை நம்புறியா?"

"தெரியல" என்றாள் லோகேஸ்வரி. "யாரு போன் பார்க்க மாட்டாங்க, யாருக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். அதான் போட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போங்க. போயிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. பதில் சொல்லப்போறது நான்."

மோகனா போனாள். விடுமுறை நாட்களில் பாலத்தைத் தாண்டி, புக்கிட் மெர்தாஜாமின் ஒவ்வொரு தாமான் குடியிருப்பாக, ஒவ்வொரு வாசலாக. ஒரு வீட்டில் நோயாளியின் மனைவி சின்னம்மா கிரில் கதவுக்குப் பின்னால் நின்று ஏற இறங்கப் பார்த்தார்.

"லோகேஸ்வரி மிஸி வரலயா?"

வழக்கமான இடத்தில் சுருக்கென்று குத்தியது. அது போய்விடும் என்று மோகனா இப்போதெல்லாம் எதிர்பார்ப்பதில்லை.

"அவங்கதான் என்னை அனுப்பிச்சாங்க" என்றாள். "கதவைத் திறங்கம்மா. புது இடம் எங்கன்னு சொல்றேன். சொன்னதை நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லணும்."