சீப்பில் சிக்கிய இரண்டு முடி

போலீஸ் வந்தது நிஜந்தான், யார் இல்லையென்றது? அதற்காகத் தீபிகாவைப் பிடிக்க வந்ததாகத் தண்ணீர் டேங்கர் வரிசையில் நின்று பேசுகிறவர்கள் கொஞ்சம் வாயைக் கழுவிக்கொள்ளட்டும். வந்தவர் கையில் விலங்கு இல்லை, ஃபைல்தான் இருந்தது. கொலை நடந்த இடத்து ரத்தக்கறை, நூல், மயிர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிற சர்க்கார் லேபில் அவளுக்கு வேலை ஆகியிருந்தது. பெண் எப்படிப்பட்டவள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதிக்கொண்டு போக வந்தார். அந்தக் காகிதம் சரியாகப் போனால்தான் வேலை.

விசாரிக்க அவர் தட்டியது எந்தக் கதவு? எதிர்வீட்டு வனஜாவின் கதவு! தீபிகா செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடிவந்து நின்றாள்.

ஒரு காலத்தில் அந்த வாசற்படிதான் அவளுக்கு எல்லாம். பொம்மனஹள்ளியில் அப்போது இத்தனை மாடி ஏது? அம்மா ஏழரைக்கே கார்மென்ட்ஸ் வண்டி ஏறிவிடுவாள். வனஜாதான் பிள்ளையை முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்து, சிவப்பு ரிப்பன் வைத்து இரட்டைப் பின்னல் போடுவாள். "ஆடாதேடி, வகிடு கோணினா மாப்பிள்ளையும் கோணலாத்தான் வருவான்" என்பாள். அந்த எண்ணெய் வாசனை, உள்ளே ரேடியோ சத்தம், ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுகிற பேச்சு, அதெல்லாம் இனி எங்கே?

கெட்டுப்போனது காலேஜ் இரண்டாம் வருஷம். தடய அறிவியல் பாடத்துக்கு, மைக்ராஸ்கோப்பில் பார்க்க, வேரோடு விழுந்த முடியும் சாயம் போட்ட முடியும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். உரிமையோடு போய், "அத்தை, உங்க சீப்புல சிக்கின முடி ரெண்டு குடுங்களேன்" என்று கேட்டுவிட்டாள். கையில் பிளாஸ்டிக் கவர் வேறு, அதன்மேல் பெயர் எழுதப் பேனா வேறு. அதுவும் அமாவாசையன்று!

"என் முடி உனக்கெதுக்குடி? எனக்கே செய்வினையா?" என்று வனஜா கதவைச் சாத்தினாள். அந்த வாரமே இடுப்புப் பிடித்துக்கொண்டது. பிறகு கேட்கவேண்டுமா? சந்தாபுரா வரைக்கும் போய்த் தாயத்து கட்டிக்கொண்டு வந்தாள். மூன்று வருஷம் பேச்சில்லை.

இப்போது போலீஸ்காரர் அவளிடம் கேட்கிறார்: "பொண்ணு எப்படிம்மா?"

வனஜா பொய் சொல்லவில்லை. "முடி கேட்டா சார். கவர்ல போட்டு என் பேரை எழுதி வைக்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, அங்க வேலையே அதுதான். ஒத்த முடியை வெச்சு ஆளைத் தேடுவாங்க. கவர்ல பேர் எழுதலேன்னாதான் தப்பு."

வனஜாவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. ஆனாலும் லேசில் இறங்குகிற ஆளா? இந்தப் பக்கம் திரும்பித் தீபிகாமேல் பாய்ந்தாள். "இதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன் அத்தை, நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

"சாத்தினா என்ன, வெளியில நின்னு கத்தறது!" என்றவள் போலீஸ்காரரிடம், "எழுதிக்குங்க சார். தங்கமான பொண்ணு. கொஞ்சம் வாயில்லாப்பூச்சி, அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

வேலை தாவணகெரேயில். கிளம்பின காலையில் வனஜா புளிக்காய்ச்சல் டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டே, "கையைக் கழுவிட்டுத் தின்னு. என்னத்தையெல்லாம் தொடப்போறியோ" என்றாள்.

"கிளவுஸ் போட்டுக்குவேன் அத்தை."

"போட்டாலும் கழுவு!"

வலது காலை எடுத்து வைக்கச் சொல்லவேண்டும் என்று அம்மா நினைத்திருந்தாள். இவர்கள் போட்ட சண்டையில் மறந்தே போனாள். எந்தக் காலோ, தீபிகா படி இறங்கிவிட்டாள்.