எண்பதில் பிடுங்கு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் 'எண்பதம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது என்னவோ ஐம்பத்திரண்டுதான். கைப்பேசியில் சார்ஜ் எண்பதைத் தொட்டதும், கையில் ஈரப் போர்வை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் வயரைப் பிடுங்குவாள்.

"நூறுக்கு விட்டா வெடிச்சிடுமா எண்பதம்மா?"

"வெடிக்காது. மூச்சு முட்டும். உனக்குத் தினம் தொண்டை வரைக்கும் ஊட்டினா எத்தனை நாள் தாங்குவே?"

இருபதுக்குக் கீழேயும் இறங்க விடமாட்டாள். நீராவி இஸ்திரி அடிக்கும் பக்கம் போனைக் கொண்டுவரவே மாட்டாள். அது ஜன்னலில்லாத சுவரோரம், நிழலில் இருக்கும்.

போன் அவள் கணவனுடையது. விடியற்காலை ஷிஃப்டுக்கு அவளை எழுப்ப அலாரத்தில் தன் குரலையே வைத்திருந்தான்: "ஏய், எழுந்திரு. பஸ்ஸு உனக்காக நிக்காது."

அவன் நோயில் படுத்தபோது மருத்துவர், "ஆறு மாசம் தாங்கினாப் பெரிசு" என்றார். வீடு அதை அப்படியே பிடித்துக்கொண்டது. அவன் கண்ணெதிரிலேயே அவன் சட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்று அண்ணன் மனைவி பேசினாள். அவன் ரெண்டரை வருஷம் இருந்தான், அந்தச் சட்டைகளையே போட்டுக்கொண்டு.

அவன் போன பிறகு போன் அரை நாளில் அணையத் தொடங்கியது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "பேட்டரி தேஞ்சுபோச்சு. ஆறு மாசம் ஓடினாப் பெரிசு" என்றார்.

அதே ஆறு மாசம். 'பார்த்துடலாம்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். மூன்றாம் வருஷம் நடக்கிறது.

"அந்தக் குரலை என் போன்ல ஏத்தித் தரேம்மா" என்றாள் மகள்.

"ஏத்திக்கோ. உன் போன் உன்னை எழுப்பட்டும்."

பிறகு முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அவளே பத்து நாள் மருத்துவமனையில் படுக்க வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது போன் வெயில் விழும் ஜன்னலோரத்தில், கம்பளித் துணி சுற்றி, வயர் சொருகியபடியே இருந்தது. முதுகு உப்பி, மூடி விலகியிருந்தது.

மகள் அழுதாள். "நீ வர்றதுக்குள்ள செத்துடக் கூடாதுன்னுதாம்மா எடுக்காமலே வெச்சேன்."

எண்பதம்மாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. "முதல்ல வயரைப் பிடுங்குடி. அழுத்திடாதே" என்றாள். போனை ஒரு தகர டப்பாவில் வைத்து, ஊன்றுகோலோடு கடைக்கு நடந்தாள்.

"இனி வேலைக்காகாதும்மா. தூக்கிப் போடுங்க."

"பேட்டரியைத் தூக்கிப் போடு தம்பி. போன் என்ன பண்ணுச்சு?"

"இந்த மாடலுக்குப் புதுசு வர்றதில்ல."

"பழசு இருக்குமே. கண்ணாடி உடைஞ்சு எவனாவது போட்டுட்டுப் போயிருப்பான். தேடு. நான் உட்கார்ந்திருக்கேன்."

கடையில் நாற்காலி இல்லை. நன்றாயிருந்த காலை ஊன்றிக்கொண்டு கல்லாவின் மேல் சாய்ந்து நின்றாள். அவர் மூன்று பெட்டிகளைக் கவிழ்த்து, நாலாவதில் அதே மாடலைக் கண்டுபிடித்தார். அதன் பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. அலாரம் அப்படியே இருந்தது.

"இதுவும் தேஞ்சதுதாம்மா. சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. ஒரு ஆறு..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"ஏன் முழுங்குறே? சொல்லு தம்பி" என்றாள் எண்பதம்மா, போனை வாங்க டப்பாவைத் திறந்து நீட்டியபடி. "ஆறு மாசம்னு வாய் விட்டுச் சொல்லு. அதைக் கேட்டாத்தான் எனக்குத் தெம்பு வருது."