வேலம்பாசி போட்ட தொட்டி

கண்மாய்ப் பாசியை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? சேறும் பச்சைப் புல்லும் கலந்த ஒரு குளிர்ச்சி மூக்கில் ஏறும். எங்கள் தெருவில் அதை ‘கவிச்சி’ என்று முகம் சுளிப்பார்கள்; எனக்கோ அது ஜெயித்த வாசனை!

ஐம்பதுகளின் கடைசியில் என் சித்தப்பா சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனியில் வேலை பார்த்தார். காலண்டர் ஆர்டர் பிடிக்க மதராசுக்குப் போனவர், திரும்பும்போது தகரச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடித் தங்கமீனை விட்டு, ஒன்றை முதலாளியம்மாவுக்கும் மற்றதை எனக்கும் கொடுத்தார். வீட்டில் தண்ணீருக்கு அதிகாரி என் அத்தை. கோடையில் நல்ல தண்ணீர்க் குடங்களுக்குக் காவல் இருப்பதே அவருக்கு வேலை. தொட்டியை ஒருமுறை நிரப்பித் தந்ததோடு சரி.

“மனுசருக்கே குடிக்கத் தண்ணியக் காணோம், இதுல மீனு நித்தம் குளிக்கணுமாக்கும்!” என்று கையை விரித்துவிட்டார்.

சில நாளில் தண்ணீர் பால்போலக் கலங்கி நாறியது. அழுதுகொண்டே கண்மாய்ப் பக்கம் போனேன். மற்ற இடமெல்லாம் செம்மண் கலங்கலாக இருக்க, தண்ணீருக்குள் இலைக்கொடியாய் வளரும் வேலம்பாசி அடர்ந்த மூலையில் மட்டும் அடிமணல் தெரிந்தது. பாவாடையில் ஒரு கொத்து அள்ளிவந்து, தொட்டியில் மணல் பரப்பி நட்டேன். வெயில் பட்டதும் இலைகளிலிருந்து முத்து முத்தாகக் குமிழிகள் கிளம்பின. மெல்ல மெல்லத் தண்ணீர் தெளிந்தது. வற்றுகிற அளவுக்கு மட்டும் என் பங்குக் குடிநீரில் மிச்சம் பிடித்து ஊற்றினேன்.

அதற்குள் முதலாளியம்மா வீட்டு மீன்கள் செத்துப்போயின. பம்புசெட் கிணறு உள்ள வீடு, தினமும் புதுத் தண்ணீர் மாற்றியும் பிழைக்கவில்லை. ‘பிள்ளையால பாக்க முடியலேன்னா இங்கன குடுத்துருங்க, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கேன்’ என்று சொல்லியனுப்பினார். சம்பளம் கொடுக்கிற வீடு. மீன்கள் வாடித் தெரிந்தால் சித்தப்பாவால் மறுக்க முடியாது.

பெரிய வீட்டம்மா வருகிறாரே என்று அத்தை சனிக்கிழமை, நான் பள்ளி மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், பாசியைப் பிடுங்கி வெயிலில் எறிந்து, தொட்டியைப் பித்தளைக் குடம் துலக்குவதுபோலச் சாம்பல் போட்டுத் தேய்த்து, சொட்டுத் தண்ணீரையும் வீணாக்க மனமில்லாமல் பழைய தண்ணீரையே வேட்டித் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றிவிட்டார். கண்ணாடி பளபளத்தது. மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா! ஒரே ஓட்டமாகக் கண்மாய்க்கு ஓடினேன். வற்றிப்போய் நடுவில் எருமைகள் படுத்திருந்த குட்டைதான் மிச்சம். முழங்கால் சேற்றில் இறங்கி, அவற்றை அதட்டி விலக்கிப் பாசியைப் பறித்தேன். சேற்றோடு உள்ளே நுழைந்தவளைப் பார்த்து, “ஏ புள்ள, கூடம் பூராவும் நாசம்!” என்று அத்தை கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. பாசியை அலசி நட்டு, தொட்டியை வெயில் விழும் ஜன்னலுக்கு நகர்த்தினேன். உச்சிப்பொழுதுக்குள் மீன்கள் கீழே இறங்கி, இலைகளுக்குள் புகுந்து விளையாடத் தொடங்கின. அத்தை சேறு துடைப்பதை விட்டுவிட்டுத் தொட்டியருகே வந்து பார்த்தார்.

சாயங்காலம் வந்த முதலாளியம்மா தொட்டிமுன் குனிந்தவர் நிமிரவேயில்லை.

“எம்புட்டுத் தண்ணி மாத்துன தாயி?”

“மாத்தவே இல்லீங்க.”

அத்தை முந்திக்கொண்டார்: “அம்புட்டும் இந்தப் பாசி செய்ற வேலைங்க. நான்தான் கோட்டிக்காரி, அழுக்குன்னு பிடுங்கி எறிஞ்சேன். அழுக்கைத் திங்கிறதே இதுதான்னு இப்பல்ல தெரியுது!”

முதலாளியம்மா சிரித்துவிட்டார். “மீனு ஒங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு ரெண்டு கொத்துப் பாசி குடு, போதும்.”

அவர் போனதும், அத்தை நல்ல தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு நிறைய மொண்டுவந்து, யாரும் கேட்காமலே, தொட்டியில் ஊற்றினார்.

இன்று அந்தக் கண்மாயைத் தூர்த்து வீடுகள் கட்டிவிட்டார்கள். ஊர் முழுதும் தேடினாலும் ஒரு கொத்து வேலம்பாசி கிடைக்காது. கடைகளில் மீன்தொட்டிக்கு மோட்டார் விற்கிறார்கள், அருமையாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் சொல்கிறேன், பம்புசெட் வைத்திருந்த வீட்டம்மாவையே பாசிக்காக என் முன்னால் கைநீட்ட வைத்தவளாக்கும் நான்!