ரப்பர் டீச்சரின் தூசிக் கணக்கு

உங்கள் பிள்ளை நேற்று வகுப்பில் என்ன படித்தது என்று உங்களால் சொல்ல முடியுமா? எத்தனை மதிப்பெண் வாங்கியது என்று கேட்கவில்லை. அது சட்டென்று வாயில் வரும். என்ன படித்தது? அறிவியலில் என்ன, கணக்கில் என்ன, மொழிப்பாடத்தில் என்ன? தெரியாதென்றால் வெட்கப்பட வேண்டாம், உங்களுக்குத் துணை நிறைய உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் அதைத் தெரிந்துகொண்ட பெரியவர்கள் நேரே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்று பாடம் சொன்ன ஒரு பெண்ணின் கதை இது.

மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் ரப்பர் டீச்சர். அவள் மேஜை இழுப்பறையில் எப்போதும் முப்பது நாற்பது ரப்பர் கிடக்கும். எல்லாம் பிடுங்கியவை. ஆண்டுக் கடைசியில் அவரவர் ரப்பரை அவரவரிடம் கொடுத்துவிடுவாள். அதுவரை அவள் வகுப்பில் எவரும் எதையும் அழிக்கக் கூடாது. கணக்குத் தப்பினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். கிறுக்கியும் அடிக்கக் கூடாது. அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

"தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும்" என்பாள். இதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. அழித்துவிட்டால் பிள்ளையின் புத்தி எந்த இடத்தில் வழி தவறியது என்று அவளுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். நோட்டு அழகாக இல்லையே என்று குறைப்பட்ட ஒரு தாயிடம், "அம்மா, இது நோட்டு. கல்யாணப் பத்திரிகை இல்ல" என்று சொல்லி அனுப்பியவள்.

பள்ளியின் பின்சுவருக்கு அப்பால் ஒரு மண்சாலை. சாலைக்கு அப்பால் கருங்கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர். காலை எட்டு மணிக்கு அது பல்லைக் கடிக்க ஆரம்பித்தால் சாயந்தரம் வரை நிறுத்தாது. டீச்சரின் குரல் கரகரத்துப்போனது அதோடு போட்டி போட்டுத்தான். அதன் முதலாளி பள்ளிக்கு நாற்பது பெஞ்சு கொடுத்திருந்தார்; ஒவ்வொன்றின் முதுகிலும் 'அன்பளிப்பு' என்று எழுதி, கீழே அவர் பெயர். பிள்ளைகள் அவரைப் பெஞ்சு முதலாளி என்றார்கள். அந்தப் பெஞ்சில் உட்காரும் முன் ஒவ்வொரு நாளும் தூசியைத் துடைக்க வேண்டியிருந்தது என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

ஜன்னலோர இரண்டாம் பெஞ்சில் ஒரு சிறுமி. பட்டப்பெயர் எறும்பு. எறும்பு வரிசையைக்கூட எண்ணாமல் தாண்ட மாட்டாள் என்பதால் வந்த பெயர். பாவாடை நுனியால் பெஞ்சைத் துடைப்பாள், உட்காருவாள், இருமுவாள். பாடம் தொடங்கும் முன் அவள் எத்தனை முறை இருமினாள் என்பதையும் அவளே எண்ணி வைத்திருப்பாள். "டீச்சர், இன்னைக்குப் பதினாலு" என்பாள், ஏதோ பரிசு வாங்கினது போல. அவள் அப்பாவுக்கு அந்தக் கிரஷரில்தான் வேலை.

அந்த வாரம் பாடநூல் சொன்னது இது. அறிவியலில், காற்றில் கலந்திருப்பவை. கணக்கில், நான்கு இலக்கக் கூட்டலும் பட்டை வரைபடமும். சமூக அறிவியலில், நம் ஊரை நிர்வகிப்பவர்கள். மொழிப்பாடத்தில், அலுவலகக் கடிதம் எழுதுதல். நான்கும் நான்கு புத்தகத்தில் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று முகம் பாராத பங்காளிகள் போல இருந்தன. டீச்சர் அவற்றை ஒரே வீட்டில் உட்கார வைத்தாள்.

இரண்டு வெள்ளை அட்டை. ஒவ்வொன்றிலும் முப்பத்தாறு கட்டம், ஏனென்றால் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். தூசி ஒட்டிக்கொள்ள மேலே மெல்லிசாக வாஸ்லின் தடவி, ஒன்றை வகுப்பு ஜன்னலில் தொங்கவிட்டார்கள். இன்னொன்று தலைமையாசிரியர் அறையில். அது ஏசி போட்டு மூடிய அறை.

"என் ரூம்லயா? தாராளமா மாட்டுங்க. ஒரு தூசு கிடைச்சா எனக்குக் காட்டுங்க" என்று அவரே ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

ஒரு பகல் கழித்து அட்டைகளை இறக்கினார்கள். பூதக்கண்ணாடி கைமாறியது. ஆளுக்கொரு கட்டம். எண்ணி முடித்தவர்கள் கரும்பலகையில் எழுத, கூட்டும் பொறுப்பு எறும்புக்கு. வரைபடத்துக்கு வைத்திருந்த பெரிய அட்டையின் ஓரத்தில் முதலில் 2,512 என்று எழுதினாள். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி கூட்டினாள். நூறாம் இடத்தில் ஒன்றை இரண்டு தடவை சேர்த்திருந்தாள். 2,512-ன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 2,412. தலைமையாசிரியர் அறை அட்டையில் 118.

பட்டை வரைபடம் வரைந்தார்கள். ஒரு பட்டை பெரிய அட்டையின் உச்சி வரை போயிற்று. இன்னொன்று தரையைவிட்டு எழவே இல்லை.

"டீச்சர், சார் பட்டை படுத்துத் தூங்குது" என்றது ஒரு வால்.

பிறகு கடிதம். அனுப்புநர், மூன்றாம் வகுப்பு. பெறுநர், நகராட்சி ஆணையர். ஐயா, எங்கள் ஜன்னலில் ஒரு நாளில் 2,412 தூசி விழுந்தது. தலைமையாசிரியர் அறையில் 118. எங்களுக்கு இருமல் வருகிறது. கல் உடைக்கும்போது தண்ணீர் தெளித்தால் தூசி குறையும் என்று பாடத்தில் படித்தோம். தெளிக்கச் சொல்லுங்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எல்லாப் பள்ளியிலும் எல்லா ஆண்டும் எழுதப்படுகிறது. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்று லட்சம் பிள்ளைகள் எழுதி, லட்சம் டீச்சர்கள் சிவப்பு மையில் 'நன்று' போட்டு நோட்டை மூடுகிறார்கள். இவள் செய்த ஒரே தவறு, கடிதத்தை உறையில் போட்டு, அஞ்சல்தலை ஒட்டி, பெட்டியில் சேர்த்தது.

அவள் கணவர் தையற்காரர். கேட்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"நிஜமாவே போஸ்ட் பண்ணிட்டியா?"

"கடிதம்னா பின்ன என்ன பண்ணுவாங்க?"

"அளவு எடுக்கறவரைக்கும் ஒருத்தனும் சண்டைக்கு வரமாட்டான். துணியில கத்தரி வெச்சாதான் வருவான். நீ வெச்சுட்டே."

பன்னிரண்டாம் நாள் ஜீப் வந்தது. கிரஷருக்குப் போகவில்லை, பள்ளிக்கு வந்தது. அதிகாரியும் பெஞ்சு முதலாளியும் ஒரே ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். தலைமையாசிரியர் அறையில் வரைபடத்தை மேஜையில் விரித்தார்கள்.

"இதை யாரு எண்ணுனது?" என்றார் அதிகாரி.

"பிள்ளைங்க."

"எட்டு வயசுப் பசங்களா? சரி. இங்க பாருங்க, இது என்ன? 2,512-னு எழுதி அடிச்சிருக்கு. அடிச்சுத் திருத்தின கணக்கை நான் எப்படிம்மா நம்பறது?"

டீச்சர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். "சார், திருத்தினதாலதான் நம்பணும்."

"டீச்சரம்மா நல்லாப் பேசறாங்க" என்று சிரித்தார் பெஞ்சு முதலாளி. "தூசி எங்க இல்ல? ரோட்ல இல்லையா? ஏதோ நம்ம பசங்க உக்காரட்டுமேன்னு பெஞ்சு குடுத்தேன். உக்காந்துகிட்டு என்னையே எண்ணறாங்க."

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். இது வகுப்புப் பயிற்சிக்காகச் செய்த கற்பனைக் கணக்கு, உண்மையான அளவீடு அல்ல என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துப் போட இடம். ஒரு நாள் அவகாசம் கொடுத்தார். போடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. தலைமையாசிரியர் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்தரம் பள்ளி வாசலில் எறும்பின் அப்பா நின்றிருந்தார். புருவமெல்லாம் வெள்ளைப் பொடி.

"டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கையெழுத்துப் போட்டுடுங்க."

"உங்க பொண்ணு எண்ணினதுங்க அது."

"தெரியும். எண்ணின அன்னைக்கு ராத்திரி பூரா அதையேதான் சொல்லிட்டிருந்தா. ஆனா முதலாளி என்னைக் கூப்பிட்டு, உன் மவதான் கணக்குல புலியாமேன்னு கேட்டாரு. அதுக்கு என்ன அர்த்தம்? வயித்துல அடிச்சிடாதீங்க டீச்சர்."

"அவ இருமறதை நீங்க கேக்கறதில்லையா?"

"நானும்தான் இருமறேன். எங்க தலையெழுத்து."

தலையெழுத்தாம். அவர் தலையில் எழுதியிருந்ததை டீச்சர் கண்ணால் பார்த்தாள். விரலால் தொட்டால் ஒட்டும். யார் எழுதியது, எந்த எந்திரத்தால் எழுதியது, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்தியது எல்லாம் தெரியும். ஆனால் அதை அந்த மனிதரிடம் சொல்லி, நாளைக்கு அவர் வீட்டு அடுப்பை யார் பற்றவைப்பது? மறுநாள் காலை அவள் கையெழுத்துப் போட்டாள்.

தலைமையாசிரியர் அந்தத் தாளைப் பள்ளிப் பதிவேட்டில் ஒட்டினார். ஒரு நகலை வரைபடத்தின் மேலேயும் ஒட்டி, வகுப்புச் சுவரில் மாட்டச் சொன்னார். ஜாக்கிரதையான மனிதர்.

அடுத்த நாள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி அதைப் படித்தார்கள். படிக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தானே.

"டீச்சர், கற்பனைன்னா கதைதானே?" என்றாள் எறும்பு.

"ஆமா."

"அப்ப நாங்க எண்ணினது தப்பா?"

"தப்பு இல்ல."

"எவ்வளவு டீச்சர் சரி? நான் மறுபடி கூட்டறேன்." நோட்டைப் பிரித்து, முப்பத்தாறு எண்களையும் வரிசையாக மறுபடி எழுதத் தொடங்கினாள். நடுவில் இருமல் வந்தது. இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து கூட்டினாள். "அதே 2,412-தான் வருது டீச்சர். எங்க தப்புன்னு தெரியலையே. நீங்களே கோடு போட்டுக் காட்டுங்க." பேனாவை நீட்டினாள்.

டீச்சர் பேனாவை வாங்கினாள். தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, தன் கையெழுத்து இருந்த பக்கத்தைத் திறந்தாள். கிழிக்கவில்லை, கிறுக்கவில்லை. கற்பனைக் கணக்கு என்ற வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். அடியில் இருந்ததைப் படிக்க முடிந்தது. பக்கத்தில் 2,412 என்று எழுதித் தேதி போட்டாள்.

"என்னம்மா காரியம் பண்ணிட்டீங்க?" தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது, அந்த அறையிலும்.

"நேத்து தப்பா எழுதிட்டேன் சார். திருத்திட்டேன்."

பதினைந்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. வகுப்புக்கு அல்ல, பாடநூல் கிடங்குக்கு. போகும் முன் இழுப்பறையைத் திறந்து, ரப்பரையெல்லாம் அவரவரிடம் நீட்டினாள். ஆண்டு முடியவில்லையே என்று பிள்ளைகள் விழித்தார்கள். யாருக்கும் வாங்கக் கை நீளவில்லை.

புகாருக்கு நடவடிக்கையும் எடுத்தார்கள், எடுக்காமல் இல்லை. தூசி வருகிறது என்றார்களே, மூன்றாம் வகுப்பின் ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். இப்போது பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு பிள்ளைகள் காற்றோட்டம் என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். தூசி கதவு வழியாக வருகிறது. அதற்கு வழி கேட்கத் தெரியாதா?

எறும்பின் அப்பாவுக்கு அடுத்த மாதமே வேலை போயிற்று. ஆள் குறைப்பு என்றார்கள். குறைந்தது ஒரே ஒரு ஆள். குடும்பம் வேறு ஊருக்குப் போனது, அங்கே இன்னொரு கிரஷர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு. போகிற அன்று எறும்பு வகுப்புக்கு வந்து, தன் பெஞ்சைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாளாம்.

டீச்சர் கிடங்கில் புத்தகக் கட்டுகளை எண்ணுகிறாள். மூன்றாம் வகுப்பு அறிவியல் ஐந்நூறு, மூன்றாம் வகுப்பு கணக்கு ஐந்நூறு. தனித்தனிக் கட்டு. குரல் தேறிவிட்டது, கத்துவதற்கு அங்கே யாரும் இல்லை. சில நாள் வேலை நடுவே கை நின்றுவிடும். கோடு போட்டது சரி, அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோட்டின் விலையை அவள் மட்டும் கொடுக்கவில்லையே. கணவரிடம் ஒரு தடவை கேட்டாள்.

"நான் அடிக்காம இருந்திருந்தா அவருக்கு வேலை இருந்திருக்குமா?"

அவர் ஊசியில் நூல் கோத்தபடியே, "நீ ஒருத்திதானே வெட்டினே? நாலு பேரு துணியைப் பிடிச்சிருந்தா கிழிஞ்சிருக்காது" என்றார்.

அந்த நாலு பேரில் ஒருவராக இருக்கத்தான் இதைப் படிக்கிற உங்களைக் கேட்கிறேன். ஒரு வெள்ளை அட்டை எடுங்கள். கட்டம் போடுங்கள். மெல்லிசாக வாஸ்லின் தடவி, நாளைக் காலை உங்கள் பிள்ளையின் வகுப்பு ஜன்னலில் மாட்டச் சொல்லுங்கள். ஜன்னலே இல்லையென்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாயந்தரம் பிள்ளையோடு உட்கார்ந்து எண்ணுங்கள். தப்பினால் அழிக்காதீர்கள், ஒரு கோடு போட்டுத் திருத்துங்கள். பிறகு கடிதம் எழுதி, கீழே பிள்ளையின் பெயரை அல்ல, உங்கள் பெயரைப் போட்டு, தெருவில் இன்னும் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, அஞ்சலில் சேருங்கள்.