ஜெபம் முடிந்தபின் கேசரி

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஜெபத்துக்கு உபதேசியார் வந்திருந்தார், அடுத்த வீட்டுப் பெரியம்மா வந்திருந்தார், எதிர் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கொழுந்து கிள்ளும் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். வீட்டு ஆட்களில் அம்மாவும் நானும். இல்லாதவர் அப்பா. தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு மதிய ஷிப்ட். அவர் இருந்திருந்தால் நான் செய்த காரியத்தைச் செய்ய விட்டிருக்க மாட்டார்.

பள்ளிவாசல் என்ற மலையூரின் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் வாரம் ஒரு வீட்டில் ஜெபம் நடக்கும். முதலில் பாட்டு, வசனம், ஜெபம். பிறகு பலகாரம். சோதனைக்குள் விழாமல் காக்கும்படி எல்லோருமாக வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தால் எதிரே கேசரி இருக்கும், சீனி தூக்கலான டீ இருக்கும். சின்ன வயதிலிருந்து பழகியதால் அது எனக்கு விசித்திரமாகத் தோன்றியதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அடிமாலியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தத் தட்டை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

காரணம் அம்மாவின் கால்விரல். மழைக்கால பூட்ஸ் உரசி வந்த புண் ஆறவே இல்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா கட்டுப்பாடாகத்தான் இருந்தாள். வெளியில்தான் தொல்லை. வெள்ளிக்கிழமை ஜெபம் போதாதென்று பெண்கள் கூட்டம், பிறந்தநாள் ஜெபம், நோயாளி வீட்டு ஜெபம் என்று பாதி நாள் யார் வீட்டிலாவது தட்டு நீளும். வேண்டாமென்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டால், "ஜெபம் பண்ணுன வீட்ல கை நனைக்காம எந்திரிச்சு வந்தா, அந்த வீட்டைக் குறைச்சு நினைச்ச மாதிரில்லா ஆயிரும்" என்பாள். ஜெபித்துத் தின்றால் ஒன்றும் செய்யாது என்பது இன்னொரு வாதம்.

எனக்கு இது புதிராகவே இருந்தது. நாக்கு இழுப்பது சோதனை என்றால் புரிகிறது. அன்பாக ஒருவர் நீட்டுவதை வாங்கிக்கொள்வதும் சோதனையா?

எங்கள் முறை வந்தபோது சுண்டல் போதும் என்றேன். ஊரெல்லாம் வாங்கித் தின்றுவிட்டு நம் வீட்டில் சுண்டலைக் கொடுத்து அனுப்புவதா என்று அம்மா கேசரியைக் கிண்டிவிட்டாள்.

ஜெபம் முடிந்ததும் தட்டுகள் கைமாறின. அம்மாவும் ஒன்றை எடுத்தாள். நான் பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷினை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"சாப்பிடும்மா. அதுக்கு முன்ன விரலை ஒருக்கா குடு."

அத்தனை பேர் முன்னால் அவளால் மறுக்க முடியவில்லை. யாருக்கும் மறுக்கத் தெரியாத அந்தக் குணத்தைத்தான் நானும் பயன்படுத்திக்கொண்டேன். மிஷின் முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. சாப்பிடும் முன்பே அவ்வளவு.

பெரியம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, தனக்கும் பார்க்கும்படி விரலை நீட்டினார். ஊசி மாற்றிக் குத்தினேன். அவருக்கும் இருநூற்றைத் தாண்டியிருந்தது. உபதேசியாரைப் பார்த்தேன். அவர் கையை நீட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பல வருஷமாகச் சர்க்கரையாம். வீட்டுக்காரம்மா மனசு நோகுமே என்று எல்லா வீட்டிலும் சாப்பிட்டு வருகிறாராம்.

"அடப்பாவமே" என்றார் பெரியம்மா. "ஐயாவுக்குப் பிடிக்குமேன்னுல்லா நான் நெய்யை ஊத்து ஊத்துன்னு ஊத்துறேன். எம் புருசனுக்குக்கூட அப்படி ஊத்துனதில்ல."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படியானால் யாருக்குமே வேண்டாத கேசரியைத்தான் இத்தனை காலம் மாற்றி மாற்றிக் கிண்டினோமா என்று கேட்டேன். புதிர் அவிழ்ந்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அம்மாதான் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இல்லப்பா. எனக்கு வேணும். அவங்க மனசு நோகும்னு சொன்னதெல்லாம் பாதிதான். கேசரின்னா எனக்கு உசிரு. ஜெபம் பண்ணுன வாயால பொய் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அதைத் தள்ளி வைத்தாள். உபதேசியார் மறுபடி கண்ணை மூடி அவளுக்காக ஜெபித்தார். கேசரி என்று பெயர் சொல்லியே வேண்டினார். ஆமென் சொல்லும்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன்பின் எங்கள் பக்கத்து ஜெபங்களில் சுண்டலும் பாலும் சீனியும் போடாத கட்டன் டீயும் என்றானது. ஒரு வீட்டில் மட்டும் மைசூர்பாகு வந்தது. அம்மா ஒரு துண்டை எடுத்தாள், பாதியில் வைத்துவிட்டாள். புண் மெல்ல வற்றியது. நகம் போயிற்று, விரல் தப்பியது. மருந்து பாதி, ஜெபம் பாதியா என்று கேட்டேன். என் கேள்வியே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாட்டு தொடங்கும் முன் ஆளாளுக்கு விரலை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அதனால் ரத்தத்தைத் தொட்டு மிஷினில் செருகும் ஸ்ட்ரிப் டப்பிகள் சீக்கிரம் தீர்ந்தன. மருந்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இலவசம். எல்லோருமாகப் பங்கு போட்டு வாங்கிய டப்பிகள், புண்ணுக்குப் போட்ட கட்டுகள் எல்லாம் சேர்த்து, அந்த விரல் தப்பியதற்கு ஆன மொத்தச் செலவு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.